ஹோட்டல்கள் தேரோடிய சாயங்காலம்

குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு ஒரு பசி எடுக்கும் பாருங்கள், அந்தப் பசிக்கு அண்ணன் தம்பி தெரியாது, மாமன் மச்சான் தெரியாது, எதிரே கல்லை வைத்தாலும் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் துப்பும். அப்படியொரு பசியோடு ஐந்து பேர் ஒரு பழைய வேனில், ரோடு பிரிகிற ஏழுமடை விலக்குக்கு வந்து சேர்ந்தபோது பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. ஹோட்டல் வீதியில் டியூப்லைட்டுகள் எரியலாமா வேண்டாமா என்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. வண்டியை ஓட்டி வந்தது சீனியம்மாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடே அவளுக்காகத்தான்.

அவள் வீட்டுக்காரர் பெருமாள்சாமிக்குக் கோவில்பட்டியில் பம்ப்செட் கடை. பொழுது சாய்ந்தால் எதிரே வருகிற லைட்டெல்லாம் அவருக்கு ரெண்டு ரெண்டாகத் தெரிய ஆரம்பித்து, இல்லாத லாரிக்கு வழிவிட்டு இருக்கிற பள்ளத்தில் வண்டியை இறக்கிய பிறகு, வீட்டில் வேறு யாராவது ஓட்டப் படிக்கணும் என்று பேச்சு வந்தது. தம்பி ராசாமணி நைசாக நழுவினான், மகள் சுபாஷிணி ஈரோட்டுப் பக்கம் வாக்கப்பட்டுப் போய்விட்டாள், அப்படி இப்படிச் சுற்றி அந்தப் பேச்சு கடைசியில் அடுப்படி வாசலில் வந்து நின்றது. சீனியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படித்தாள். “கண்ணாடியப் பாரு, இண்டிகேட்டரப் போடு, பொறவு பிரேக்க மிதி” என்று டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் சொன்னதைச் சாமி பாட்டு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே படித்து, ஐம்பத்தொரு வயதில் ஒரே தடவையில் பாஸாகி லைசென்ஸ் அட்டையோடு வந்து நின்றாள். பெருமாள்சாமி அசந்துபோய், எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார்: “குடும்பத்தோட குற்றாலம் போறோம், திரும்பி வாரப்ப பெரிய ஹோட்டலா பாத்து உக்காந்து சாப்பிடுறோம், சீனிக்கு அன்னைக்கி அடுப்படி லீவு.”

அந்த ‘லீவு’ என்ற சொல்லைச் சீனியம்மாள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை, அதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். ஒரு பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கணும், ஒருத்தர் வந்து “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்கணும், கல்லில் இருந்து நேரே ஒரு தோசை வரணும், அது மொறுமொறு என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் அதைப் பிய்க்கணும். அவ்வளவுதான். வீட்டில் எல்லாருக்கும் வார்த்துப் போட்டுவிட்டு, அடுப்பை அணைத்து, கல்லில் மிச்சமிருக்கிற சூட்டில் அடிமாவை ஊற்றி எடுத்து, நின்ற வாக்கிலே தின்கிற தோசைதான் கல்யாணமான நாளிலிருந்து அவள் தின்ற தோசை. வெளியூர் போனாலும் விமோசனம் கிடையாது; இவள் கட்டுச்சோறு கட்டுவாள், அவர்கள் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்துவார்கள், இவள் பரிமாறுவாள்.

இப்போது கூத்தைக் கேளுங்கள். அடுப்படிக்கு லீவு என்று தெரிந்தும், அன்றைக்கு விடியற்காலையில் எழுந்தவள் பாதித் தூக்கத்தில், பழக்க தோஷத்தில், கை அது பாட்டுக்குப் புளியைக் கரைத்து, நல்லெண்ணெயில் வத்தலைக் கிள்ளிப் போட்டு, நிலக்கடலை வறுத்து, பெரிய எவர்சில்வர் சம்படம் நிறையப் புளியோதரை கிண்டி முடித்த பிறகுதான் தூக்கம் கலைந்து, அடிப் பாவி என்ன காரியம் பண்ணினோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். கொட்ட மனசு வருமா? ஒரு பழைய சேலையில் சுற்றி வண்டி டிக்கியில் துண்டு மூட்டைக்கு அடியில் ஒளித்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை ஊருக்குத் தெரியும். சோற்றையே மறைத்தவள் இவள் ஒருத்திதான். அது மட்டும் அவர்கள் கண்ணில் பட்டதோ, ஹோட்டலும் போச்சு, பெஞ்சும் போச்சு, மறுபடி அதே புளியமரம், அதே கரண்டி. அதனால் வழியெல்லாம் அவள் கண்ணாடியில் ரோட்டைவிட டிக்கியைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏழுமடை ஹோட்டல் வீதி ஒரே நேர்கோடு. இந்தக் கடைசியில் சைவ ஹோட்டல் சிவகாமி பவன், அடுத்து ராவுத்தர் பிரியாணி, அடுத்து மூணு மாடிக் கண்ணாடி வைத்த ஏசி ஹோட்டல் அலங்கார், அந்தக் கடைசியில் தகரக்கூரை போட்ட சுடலையாண்டி இட்லிக் கடை. சீனியம்மாள் சிவகாமி பவன் முன்னால் கண்ணாடியைப் பார்த்து இண்டிகேட்டரைப் போட்டாள்.

“மதினி, இங்கயா? வேண்டாம் வேண்டாம், இங்க சாம்பார்ல வெல்லம் போடுவான், ஓட்டுங்க!” என்றான் ராசாமணி. ஊர் ஊருக்கு எந்த ஹோட்டலில் எது நல்லா இருக்கும் என்று ஜாதகம் வைத்திருக்கிற ஆள்; ஆனால் எந்த ஊரிலும் எந்த ஹோட்டலும் அவன் சொன்ன இடத்தில் இருந்ததில்லை.

ராவுத்தர் கடை முன்னால் இண்டிகேட்டரைப் போட்டாள். “அம்மா, போன்ல பார்த்தேன், இதுக்கு மூணரை ஸ்டார்தான் கொடுத்திருக்காங்க” என்றாள் சுபாஷிணி. “மாப்பிள்ளையக் கூட்டிட்டு மூணரை ஸ்டார்லயா போயி உக்கார?” என்றார் பெருமாள்சாமி. மாப்பிள்ளை தினகரன் பின் ஸீட்டில் பசியில் கண் செருகி உட்கார்ந்திருந்தான். “எனக்கு எதுன்னாலும் சரிங் மாமா” என்றான் பாவம். எதுன்னாலும் சரி என்று சொல்கிற மாப்பிள்ளையை எந்த ஹோட்டலுக்குக் கூட்டிப்போனாலும் தப்பாகிவிடும் என்பது நம்ம பக்கத்து மாமனார்களுக்குப் பிறவியிலேயே தெரியும்.

அலங்கார் முன்னால், ரொம்ப வெளிச்சம், சாப்பாடு தெரியாது, கொடுக்கிற காசுதான் தெரியும் என்றார்கள். சுடலையாண்டி கடையை யாரும் பார்க்கக்கூட இல்லை. வீதி முடிந்தது, வண்டி திரும்பியது, மறுபடி இண்டிகேட்டர், மறுபடி “ஓட்டு ஓட்டு”, மறுபடி வீதி முடிந்தது. ஒவ்வொரு ஹோட்டல் வாசலிலும் கூப்பிடுகிற ஆள் “உள்ள இடம் இருக்கு, வாங்க வாங்க” என்று கையை நீட்டுவான், வேன் சிணுங்கிக்கொண்டு நிற்கிற மாதிரி வரும், நிற்காமல் போய்விடும். ஸ்டீயரிங் தன் கையில்தான் இருக்கிறது என்பது சீனியம்மாளுக்கு உறைக்கவே இல்லை.

இன்னொரு சுற்று முடிந்து விலக்கை விட்டு வெளியே போகிற ரோட்டில் ஏறினபோது வாத்தியார் சொன்னபடி கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் சுடலையாண்டி கடை வந்துகொண்டிருந்தது.

தகரக் கூரையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, அடுப்புப் புகை அணையாமல், லேசாக நொண்டி நொண்டி வந்தது. அதற்குப் பின்னால் சிவகாமி பவன், அதற்குப் பின்னால் ராவுத்தர் கடை, எல்லாவற்றுக்கும் பின்னால் மூணு மாடி அலங்கார், பெரிய மனுஷன் ஓடக் கூடாது என்கிற தோரணையில் நிதானமாக, ஆனால் விடாமல். சீனியம்மாளுக்கு எழுந்த ஒரே சந்தேகம், பின்னால் ஹோட்டல் வந்தால் வழி விடணுமா வேண்டாமா என்பதுதான். அதை வாத்தியார் சொல்லிக்கொடுக்கவில்லை. “ஏங்க, பின்னாடி ஹோட்டல் வருது” என்றாள்.

பெருமாள்சாமி திரும்பிப் பார்த்தார். “ரெண்டு வருதா நாலு வருதா?”

“நாலு.”

“அப்ப எனக்குச் சரியாத்தான் தெரியுது” என்றார்.

ஏழுமடைக்காரர்களைச் சும்மா சொல்லக் கூடாது. வேறு ஊராக இருந்தால் ஐயோ குய்யோ என்று கத்தி டிவிக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள். இவர்கள் வருஷா வருஷம் வைகாசியில் அம்மன் தேரை இதே வீதியில் இழுக்கிறவர்கள், பெரிய பொருள் ஒன்று ரோட்டில் நகர்ந்து வந்தால் என்னென்ன செய்யணும் என்று கைப்பழக்கம் உள்ளவர்கள். மின்சார ஆபீஸுக்குத் தகவல் போய் வீதிக்குக் கரண்ட்டை நிறுத்தினார்கள். லைன்மேன் மூங்கில் கழியோடு வந்து, அலங்கார் மொட்டைமாடியில் தட்டாமல் ஒயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். தேருக்குக் கட்டை போடுகிற மாடக்கண்ணு வகையறா, கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, திருப்பத்தில் ராவுத்தர் கடை வேகம் எடுத்தபோது மூலையில் ஒன்றைச் செருகி “ஏய், மெதுவா, மெதுவா” என்று தட்டிக் கொடுத்தார்கள். பூக்காரி கூடையை நகர்த்தி வைத்தாள். ரோட்டோர வீட்டுப் பொம்பளைகள் வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, அவசரத்துக்கு நாலு புள்ளியில் ஒரு கோலத்தை இழுத்துவிட்டு, ஹோட்டல் கடந்து போகையில் குலவை விட்டார்கள். சங்கரன்கோவில் பஸ் ஓரமாக நின்றது. கண்டக்டர் இறங்கி, சிவகாமி பவனில் ஏறி ஒரு காப்பி குடித்துவிட்டு, அடுத்த தெருமுனையில் இறங்கி, திரும்ப நடந்து வந்தார்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். காசு கொடுத்தாச்சு, ஹோட்டல் எங்கே போனால் என்ன? கைகழுவ வெளிக்குழாய்க்குப் போயிருந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்து, தன் இலையும் அதில் தொடாத அப்பளமும் தெருவில் போவதைக் கண்டு, எச்சில் கையை உயரப் பிடித்துக்கொண்டு “அப்பளம்! ஏய், என் அப்பளம்!” என்று துரத்தி வந்தார். ஸ்டேஷன் ஏட்டு விசில் ஊதி எல்லா ஹோட்டல்களையும் இடது பக்கமாக வரச் சொன்னார். “ஹோட்டல் நடத்த லைசென்ஸ் இருக்கு சார், ஓட்டத்தான் இல்லை” என்று சிவகாமி பவன் முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். “அது சரி, முன்னாடி போற அம்மாகிட்ட இருக்குல்ல, போதும்” என்றுவிட்டார் ஏட்டு.

வேனுக்குள்ளே சண்டை மட்டும் ஓயவில்லை. ஹோட்டலே வீடு தேடி வருகிற அதிர்ஷ்டம் யாருக்குக் கிடைக்கும்? ராசாமணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இன்னைக்கி என்ன ஸ்பெஷல்?” என்று ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வரவைத்து விசாரித்து, “ம்ஹூம், அடுத்தது வா” என்று அனுப்பிக்கொண்டிருந்தான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவன் இவ்வளவு கேட்டதில்லை. அப்போது பெருமாள்சாமியின் மூக்கு விடைத்தது.

“சீனி, புளியோதரை வாசம் வரல?”

“ஹோட்டல்ல இருந்து வரும்” என்றாள், குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு.

“இது நம்ம வீட்டுப் பெருங்காயம் மாதிரில்ல இருக்கு.”

“எல்லா ஊர்லயும் ஒரே பெருங்காயந்தான் விக்கிறான், சும்மா வாங்க.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள். சுடலையாண்டி கடை வேனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து, தாழ்வாரத்தை நீட்டி, டிக்கியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. மோந்து பார்த்துவிட்டு, கன்றுக்குட்டி முட்டுகிற மாதிரி வண்டியை லேசாக ஒரு முட்டு முட்டியது. சீனியம்மாளுக்குச் சட்டென்று விளங்கியது. இது வியாபாரத்துக்காகத் துரத்தி வருகிற வரவு இல்லை. பசி. எத்தனை காலமாகவோ ஊருக்கெல்லாம் வயிறு நிறையப் போட்டுவிட்டு, ராத்திரி ஷட்டரை இறக்கிக்கொண்டு வெறும் வயிற்றோடு படுக்கிற பசி. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஸ்டார் தேவைப்படவில்லை, அவளுக்கு அதை முன்னமே தெரியும். மனசு என்னவோ போல ஆகிவிட்டது.

கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டரைப் போட்டாள், “ஓட்டு ஓட்டு” என்ற குரல்கள் நாலும் ஒன்றாக எழும்பும்போதே பிரேக்கை மிதித்தாள். வண்டி கண்மாய்ப் பொட்டலில் நின்றது. பின்னால் ஹோட்டல்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றன, அலங்காரில் மட்டும் சூப் கொஞ்சம் தளும்பியது.

இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, துண்டு மூட்டையைத் தள்ளி, சேலையைப் பிரித்தாள். மறைக்க ஒன்றுமில்லை. வாசம் குப்பென்று எழுந்தது. பின்னாலேயே வந்து நின்ற பெருமாள்சாமியின் முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே!

“அடி சக்கை! நெனச்சேன்! ஏலே ராசாமணி, எதுக்குலே ஹோட்டலு? நம்ம சீனி விட்டுருவாளா? அந்தா புளியமரம் இருக்கு, போர்வைய விரி. மாப்பிள்ளைக்கு மொதல்ல வை சீனி.”

“மதினி மதினிதான்!” என்றான் ராசாமணி, இவ்வளவு நேரம் ஹோட்டல்களைப் பெண் பார்த்தவன், ஒரே நொடியில் போர்வையை உதறிக்கொண்டு நின்றான். சுபாஷிணி போனை உள்ளே வைத்தாள். மாப்பிள்ளைக்குக் கண் திறந்தது. நாலு முகத்திலும் அப்படியொரு சந்தோஷம். யாரும் கெட்டவர்கள் இல்லை, பசிக்கிறவர்கள். அதனால்தான் சீனியம்மாளால் கோபப்படவும் முடியவில்லை. அவளுடைய தோசை, சத்தம் போடுகிற அந்த ஒரே ஒரு தோசை, கண் முன்னாலேயே கரைந்து போய்க்கொண்டிருந்தது. கை பழக்கத்தில் கரண்டியைத் தேடவும் செய்தது.

சம்படத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“இது உங்களுக்கு இல்ல” என்றாள்.

“பின்ன யாருக்கு?”

அவள் சுடலையாண்டி கடை வாசலுக்குப் போய், ஒரு கை புளியோதரையை உருட்டி வாசல்படியில் வைத்தாள். படி அதை வாங்கிக்கொண்டது. ஒரு பருக்கைகூடத் தெரியவில்லை. தகரக் கூரை ஒரு தரம் சிலிர்த்தது, புகைக்கூண்டு வழியாக ஒரு சின்ன ஏப்பம் வந்தது. உள்ளே தோசைக்கல் முன்னால் நின்றிருந்த சுடலையாண்டி மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். “எங்க அப்பா காலத்துல இருந்து கடை வச்சிருக்கோம்மா, இதுக்குப் பசிக்கும்னு தோணவே இல்ல” என்றார்.

அதற்குள் மற்றதெல்லாம் வரிசை கட்டிவிட்டன. சிவகாமி பவன் முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, “அம்மா, எங்க ஹோட்டல் பூண்டு சாப்பிடாது” என்றார் கூச்சத்தோடு. “பெருங்காயந்தான், சாப்பிடச் சொல்லுங்க” என்றாள். ராவுத்தர் கடை வெட்கப்பட்டுப் பாதி ஷட்டரை இறக்கிக்கொண்டு நின்றது, அதற்கு ரெண்டு உருண்டையாக வைத்தாள். அலங்கார் முண்டியடித்தபோது, “மூணு மாடி இருக்கு, அறிவு வேண்டாம்? வரிசையில வா” என்று அதட்டினாள், அது கண்ணாடியெல்லாம் சிவந்து பின்னால் போய் நின்றது. ஊர் ஜனம் பொட்டலைச் சுற்றி உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்த நீர்மோரைக் குடித்துக்கொண்டு பந்தியைப் பார்த்தது. ஜவுளிக்கடைக்காரர் அப்பளத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

சீனியம்மாள் சம்படத்தைச் சுரண்டினாள். அடியில் ஒட்டிய பருக்கையைக்கூட விரலால் வழித்து அலங்காருக்குக் கொடுத்தாள். பெருமாள்சாமி காலி சம்படத்தை எட்டிப் பார்த்தார். அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று அவள் சாய்த்துக் காட்டினாள்.

“சரி, ஹோட்டலுக்கே போவோம்” என்றார் ஈனஸ்வரத்தில்.

ஆனால் உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள், ஹோட்டலுக்கு இல்லாமல் போகுமா? சிவகாமி பவன் ஒரு கொட்டாவி விட்டு ஷட்டரை இறக்கியது. ராவுத்தர் கடை இருந்த இடத்திலேயே அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டது. அலங்கார் ஒவ்வொரு மாடியாக ஜெனரேட்டர் விளக்கை அணைத்துக் குறட்டை விட ஆரம்பித்தது. சாப்பிட வந்தவர்கள் அதை எழுப்பாமல் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். இன்றைக்கும் ஏழுமடையில் ஹோட்டல் வைத்திருக்கிறவர்கள் முதல் சோற்றை வாசல்படிக்கு வைத்துவிட்டுத்தான் வியாபாரம் தொடங்குகிறார்கள், நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு முழித்திருந்தது சுடலையாண்டி கடை ஒன்றுதான்.

பெஞ்சைத் துடைத்து ஐந்து பேரையும் உட்கார வைத்துவிட்டு, சுடலையாண்டி எதிரே வந்து நின்றார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, சீனியம்மாளைப் பார்த்துக் கேட்டார். “உங்களுக்கு என்னம்மா வேணும்?”

ராசாமணி வாயைத் திறந்தான். “உங்ககிட்ட கேக்கல” என்றார் சுடலையாண்டி.

சீனியம்மாள் பெஞ்சில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஒரு தோசை” என்றாள். “மொறுகலா. கல்லுல இருந்து நேரா.”

கடையில் இருந்தது ஒரே கல். ஒரு தடவைக்கு ஒரு தோசை. மாவை ஊற்றி, வட்டமாக இழுத்து, எண்ணெய் விட்டு, ஓரம் சிவந்து கிளம்பி வருகிற வரைக்கும் குடும்பமே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது. தட்டில் வந்து விழுந்தபோது அது சத்தம் போட்டது. அவள் பிய்த்தபோது இன்னும் சத்தம் போட்டது. கண்ணில் தண்ணீர் நிற்க, சட்னியைக்கூடத் தொடாமல், பாதி வரைக்கும் வெறும் தோசையாகவே தின்றாள். அடுத்தது மாப்பிள்ளைக்கு வந்தது. உடனே அவள் கை தன்னால் சட்னி வாளிக்குப் போனது, எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை; பெஞ்சு அவள் முந்தானையை விரிசலில் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. “இன்னொண்ணு போடட்டுமாம்மா?” என்றார் சுடலையாண்டி. போடச் சொன்னாள்.

மகளுக்கு ஒன்று, சீனியம்மாளுக்கு ஒன்று, கொழுந்தனுக்கு ஒன்று, மறுபடி சீனியம்மாளுக்கு ஒன்று என்று போய், பெருமாள்சாமி முறை வந்தபோது மாவு அடிக்கு வந்துவிட்டது. சுடலையாண்டி அடுப்பை அணைத்து, வாளியை வழித்து, கல்லில் மிச்சமிருந்த சூட்டில் ஊற்றி எடுத்து வைத்தார். பெருமாள்சாமி ஆசையோடு ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டு மென்றார், நிறுத்தினார், தட்டைப் பார்த்தார்.

“என்ன சீனி இது, வெளுத்துப்போயி வதவதன்னு இருக்கு?”

சீனியம்மாள் விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“கடைசித் தோசைங்க. அது அப்படித்தான் இருக்கும்.”

அவர் அணைந்த அடுப்பையும் வழித்த வாளியையும் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு, எனக்குப் போதும் என்று எழுந்திருக்கப் பார்த்தார். பெஞ்சு வேட்டியை விடவில்லை, தட்டில் இன்னும் பாதி இருந்தது.